பனிக்காலத்தில் ஃபிளாட்பெட் ஓட்டுநரின் சம்பளம் ஏன் இளைக்கிறது?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய லாரிகளில் பெரும்பாலானவை பெட்டி வண்டிகள். நான்கு பக்கமும் சுவர், மேலே கூரை, பின்னால் கதவு. ஃபிளாட்பெட் என்பது சுவரும் கூரையும் இல்லாத வெறும் தளம். 48 அல்லது 53 அடி நீளம், எட்டரை அடி அகலம், தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரம். கிரேனில் மேலிருந்து இறக்க வேண்டியவை, பக்கவாட்டில் ஃபோர்க்லிஃப்ட் வைத்து எடுக்க வேண்டியவை, பெட்டிக்குள் அடங்காதவை எல்லாம் இதில்தான் போகும். எஃகுச் சுருள், கட்டுமானக் கம்பி, மரப்பலகை, குழாய், ஜிப்சம் பலகை, கூரைக்குப் போடும் ஷிங்கிள், இயந்திரங்கள் என்று பட்டியல் நீளம்.

கோடையில் நல்ல காசு பார்க்கிற வேலை இது. ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வருமானம் சரியத் தொடங்கி, பிப்ரவரி வரை பலருக்குக் கையைக் கடிக்கும். காரணம் கேட்டால், “குளிர்காலத்தில் லோடு கம்மி” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. லோடு கிடைத்து, வண்டியும் ஓடி, உடம்பும் கோடையைவிட அதிகமாகக் களைத்த ஒரு வாரத்தில்கூடச் சம்பளம் குறைந்து வரலாம். அது எப்படி என்று புரிய, முதலில் சம்பளக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

காசு எந்த வழியில் வருகிறது

நெடுந்தூரம் ஓட்டும் கம்பெனி ஓட்டுநர்களில் பெரும்பாலானோருக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். மைலுக்கு இத்தனை சென்ட் என்று பேசிக்கொள்வார்கள். சக்கரம் சுற்றினால் காசு, நின்றால் இல்லை. ஃபிளாட்பெட்டில் இன்னொரு முறையும் பரவலாக உண்டு: லோடுக்குக் கிடைக்கும் வாடகையில் ஒரு பங்கு. கம்பெனி வண்டி ஓட்டுபவருக்கு அது கால் பங்கையொட்டி இருக்கும். சொந்த வண்டி வைத்து ஒரு கம்பெனியின் கீழ் ஓட்டுபவருக்குப் பெரும்பங்கு வரும், ஆனால் டீசல், தவணை எல்லாம் அவர் தலையில்.

இதற்கு மேல் சில்லறை வரவுகள். தார்ப்பாய் போட்டால் தனிக்கூலி; பல இடங்களில் ஒரு லோடுக்கு 50 முதல் 100 டாலர். ஏற்றும் இடத்திலோ இறக்கும் இடத்திலோ காக்க வைத்தால் காத்திருப்புக் கூலி, அதாவது நம் லாரிக்காரர்கள் ஹால்டிங் என்பார்களே, அது. அதுவும் வழக்கமாக முதல் இரண்டு மணி நேரத்துக்குக் கிடையாது.

ஓவர்டைம்? 1938-இல் வந்த கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டுபவர்களுக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்று விலக்கு வைத்திருக்கிறது. வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்தாலும் கணக்கு மைலில்தான். ஓட்டாத நேரம் எவ்வளவு கூடினாலும் அந்தச் சுமை ஓட்டுநருடையதே. பனிக்காலம் கூட்டுவது அந்த நேரத்தைத்தான்.

லோடு ஏன் குறைகிறது

ஃபிளாட்பெட்டின் பிழைப்பு கட்டுமானத்தை நம்பியது. காங்கிரீட் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகுவதற்கு ரொம்ப நேரம் எடுக்கும். இறுகுவதற்கு முன் உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்துவிட்டால் வலுவே போய்விடும். பெரிய ஒப்பந்ததாரர்கள் கூடாரம் அடித்து, ஹீட்டர் வைத்து வேலையைத் தொடர்வார்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் வசந்தத்துக்குத் தள்ளிவைப்பார்கள். வட மாநிலங்களில் சாலை போடும் தார்க்கலவை ஆலைகளைப் பனிக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். ஷிங்கிளின் அடியில் இருக்கும் பசை பிடிக்க வெயில் வேண்டும். தரை உறைந்து கிடந்தால் அஸ்திவாரம் தோண்டுவதும் பெரும்பாடு. ஆக, வீடு எழும்பாத ஊருக்குப் பலகையும் கம்பியும் யார் வரவழைப்பார்கள்?

பெட்டி வண்டிகளின் கதை இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பண்டிகை வியாபாரத்தால் உச்ச காலம். ஃபிளாட்பெட்காரர்களுக்கு அதில் கிடைப்பது சொற்பம். வட கரோலினா, ஆரிகன் பக்கம் நவம்பரில் வெட்டி அனுப்பும் கிறிஸ்துமஸ் மரங்களில் கொஞ்சம் வரும்.

லோடு குறைந்தால் அன்றாடச் சந்தை வாடகையும் இறங்கும். இங்கே இரண்டு சம்பள முறைகளும் இரண்டு விதமாக அடிவாங்குகின்றன. மைல் கணக்குக்காரருக்கு மைலுக்கான சென்ட் மாறாது; மைல்தான் குறையும். பங்கு வாங்குபவருக்கு மைலும் குறையும், மைலுக்கான வாடகையும் குறையும். அதே ஆள் மார்ச் தொடங்கி ஜூன் வரை, வாடகை ஏறும்போது, முந்தையவரைவிட அதிகம் சம்பாதிப்பார். எது நல்லது என்று என்னைக் கேட்டால், கையில் சேமிப்பு இல்லாத புதியவருக்கு மைல் கணக்குதான் தூக்கம் தரும்.

எல்லா லோடும் நின்றுபோவதில்லை. தொழிற்சாலைகளுக்கு எஃகு போய்க்கொண்டேதான் இருக்கும். மேற்கு டெக்சாசின் பெர்மியன் எண்ணெய் வயல்களுக்குக் குழாயும் பம்பும், எண்ணெய் விலை நன்றாக இருக்கும்வரை, குளிரைப் பார்க்காமல் போகும். ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் ஜனவரியிலும் வீடு கட்டுகிறார்கள். அதனால்தான் பலர் பனிக்காலத்தில் தெற்கே இறங்கிவிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் தெற்கே போனால் அங்கே வண்டி அதிகம், லோடு அதே அளவு. தரகர்கள் வாடகையைக் குறைத்துக் கேட்பார்கள். வடக்கே புயல் அடித்து வண்டிகள் முடங்கிய நாளில் அங்கே வாடகை எகிறும். அந்த எகிறலைத் துரத்திக்கொண்டு முதல் பனிக்காலத்திலேயே மலை ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை.

தெற்கு என்றால் பனி இல்லை என்றும் நம்பிவிட முடியாது. 2021 பிப்ரவரி 11 காலையில் டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35டபிள்யூ சாலையில் மெல்லிய பனிக்கட்டி படிந்து, 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஆறு பேர் இறந்தார்கள்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் பனிக்காலமே வேலையைக் கொண்டுவருகிறது. டிபிட் ஏரியிலிருந்து வடக்கே போகும் பனிச்சாலை பெரும்பாலும் உறைந்த ஏரிகளின் மேல்தான் ஓடுகிறது. வைரச் சுரங்கங்களுக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையான டீசலும் இயந்திரங்களும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதன் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ஆனால் அது அனுபவசாலிகளுக்கான, சில வாரங்களே நீடிக்கும் வேலை.

தளத்தின் மேல்

பெட்டி வண்டி ஓட்டுபவர் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. ஃபிளாட்பெட்டில் லோடு ஏறிய பிறகுதான் ஓட்டுநரின் வேலையே ஆரம்பம். கிளீனர் கிடையாது, சுமைதூக்கும் ஆளும் பெரும்பாலும் கிடையாது. சரக்கை இறுக்கிக் கட்டும் பட்டை, சங்கிலி, மேலே மூடும் தார்ப்பாய் எல்லாம் ஒரே ஆள்.

பலகை லோடுக்குப் போடும் தார்ப்பாய் ஒன்று ஏறக்குறைய 45 கிலோ எடை இருக்கும். முழு லோடை மூட இரண்டு வேண்டும். கோடையில் பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. கடுங்குளிரில் அந்த வினைல் துணி மடங்க மறுக்கும். முதல் நாள் ஈரத்தோடு சுருட்டி வைத்திருந்தால் காலையில் அது உருட்டக்கூட முடியாத பனிக்கட்டி. காற்று வேறு அடித்தால் விரித்த பாய் ஆளையே தூக்கப் பார்க்கும். அதற்கு முன்பு லோடின் மேலிருக்கும் பனியைக் கூட்டித் தள்ள வேண்டும், இல்லையென்றால் பாய்க்கு அடியில் அது உருகி, சரக்கு நனைந்து, கடைசியில் பழி ஓட்டுநர் மேல் வரும். தார்ப்பாயை இழுத்துக் கட்டும் ரப்பர் கயிறுகளில் செயற்கை ரப்பரால் ஆனவை குளிரில் விறைத்துப்போகும். அதனால் வடக்கே ஓட்டுபவர்கள் இயற்கை ரப்பர் கயிறாகப் பார்த்து வாங்குவார்கள்.

இதில் ஓர் எரிச்சலான முரண் இருக்கிறது. பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் தெறித்தால் எஃகும் இயந்திரமும் துருப்பிடிக்கும். அதனால் கோடையில் திறந்தபடியே போகும் சரக்குக்குக்கூடப் பனிக்காலத்தில் தார்ப்பாய் கேட்பார்கள். லோடு குறையும் காலத்தில்தான் தார்ப்பாய் வேலை கூடுகிறது. கூலியோ ஜூலையில் எவ்வளவோ ஜனவரியிலும் அவ்வளவுதான், வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தாலும் சரி, இரண்டரை மணி நேரம் இழுத்தாலும் சரி.

பட்டைகளிலும் கவனம் வேண்டும். நான்கு அங்குலப் பட்டை ஒன்றின் பாதுகாப்பான தாங்குதிறன் வழக்கமாக 5,400 பவுண்டு. எல்லாப் பட்டைகளின் தாங்குதிறனும் சேர்ந்து லோடின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. 40,000 பவுண்டு லோடுக்கு எடைக் கணக்கில் நான்கு பட்டை போதும். நீளத்துக்கான விதி இன்னும் அதிகம் கேட்கும். பனிக்காலத்தில் விதி கேட்பதற்கும் மேலேயே இரண்டு போட்டுவிடுவது நல்லது. தளத்துக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு படலம் பனிக்கட்டி இருந்தாலே உராய்வு போய்விடும். விறைத்த பட்டை இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். வெயில் ஏறி ஐஸ் உருகினால் தளர்ந்து தொங்கும். புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் ஒருமுறை, அப்புறம் 150 மைலுக்கோ மூன்று மணி நேரத்துக்கோ ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற விதியை மற்ற காலங்களில் கடனே என்று செய்பவர்கள்கூட இப்போது ஒழுங்காகச் செய்வார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பத்து நிமிடம், கால் மணி நேரம் கரையும்.

விழுந்து அடிபடுவது ஃபிளாட்பெட்டின் பெரிய ஆபத்து. பனி படிந்த பலகைக் கட்டின் உச்சி தரையிலிருந்து பதின்மூன்று அடி வரை இருக்கலாம். கம்பெனி ஊழியருக்கு அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உண்டு. சொந்த வண்டிக்காரர் பலருக்கு அது கிடையாது, தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால்தான் உண்டு.

சாலையும் கடிகாரமும்

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் மாரிசனுக்கும் டாட்சீரோவுக்கும் நடுவே, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, ஒவ்வொரு கனரக லாரியும் டயர்ச் சங்கிலி வைத்திருக்க வேண்டும். பனி இல்லாத நாளிலும் வண்டியில் இருக்க வேண்டும். வாஷிங்டன் மாநில மலைப்பாதைகளில் இதே விதி நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை. மாட்டச் சொல்லும் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி, உறைபனியில் மண்டியிட்டு மாட்ட வேண்டும். பழகியவருக்கு அரை மணி நேரம். புதியவருக்கு ஒரு மணி நேரம் தாண்டும். மாட்டியபின் ஊர்ந்துதான் போக முடியும். மலை இறங்கியதும் கழற்ற வேண்டும். இதற்குக் கூலி தரும் கம்பெனிகளும் உண்டு, தராதவையும் உண்டு.

வயோமிங்கில் ஐ-80 காற்றுக்குப் பேர்போனது. எடை குறைந்த, உயரமான வண்டிகள் கவிழும் என்று அவற்றுக்கு மட்டும் சாலையை மூடுவார்கள். அப்போது காலிப் பெட்டி வண்டி நிற்க, காலி ஃபிளாட்பெட் பெரும்பாலும் போய்விடலாம். காற்றுக்கு முட்ட அங்கே சுவர் இல்லையே. ஆனால் பனியில் காலி வண்டிக்குப் பின்சக்கரங்களில் எடை குறைவு, பிடிமானம் குறைவு. டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைப்பதும், நிறுத்தி வைத்த ட்ரெய்லரின் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்வதும் எல்லா லாரிக்கும் பொதுவான தொல்லைகள்.

இவற்றுக்கெல்லாம் மேலே கடிகாரம். ஓட்டுநர் பணியைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். பிறகு 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். தார்ப்பாய் போட்டாலும் சங்கிலி மாட்டினாலும் அந்த 14 மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்னணுக் கருவி பதிவு செய்வதால் கூட்டிக் குறைத்து எழுத வழியில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மைலுக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்.

கோடை நாள்: லோடு ஏற்ற ஒன்றரை மணி நேரம், தார்ப்பாய்க்கு ஒன்று, கட்டாய இடைவேளை அரை. மூன்று மணி போனாலும் முழு 11 மணி நேரம் ஓட்டலாம். மணிக்கு சராசரி 55 மைல் என்றால் 605 மைல், 363 டாலர்.

பனி நாள்: ஏற்ற இரண்டரை, தார்ப்பாய்க்கு இரண்டு, சங்கிலிக்கு ஒன்று, இடைவேளை அரை. ஆறு மணி போனது. மீதி எட்டு மணி நேரத்தில் சராசரி 45 மைல் வேகத்தில் 360 மைல், 216 டாலர்.

ஒரே 14 மணி நேர உழைப்பு. வித்தியாசம் 147 டாலர். தார்ப்பாய்க் கூலி இரண்டு நாளும் ஒன்றே என்பதால் அது இந்தப் பள்ளத்தை நிரப்பாது. லோடு குறைந்ததால் வரும் நட்டம் இதற்கு மேல் தனி. எல்லா நாளும் இப்படி இருக்காதுதான், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் போனாலே சம்பளச் சீட்டில் தெரிந்துவிடும்.

எதிர்பாராத மோசமான வானிலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்ட விதியில் இடம் இருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து அந்த இரண்டு மணி நேரம் 14 மணி நேரக் கெடுவுக்கும் சேர்த்தே கிடைக்கிறது. ஆனால் “எதிர்பாராத” என்பதுதான் நிபந்தனை. முந்தைய இரவே வானிலை அறிக்கை சொன்ன புயலுக்கு இது பொருந்தாது.

அகலமான சரக்கு ஏற்றுபவர்களுக்குக் கடிகாரம் இன்னும் குறுகும். எட்டரை அடிக்கு மேல் அகலம் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும். பல மாநிலங்களில் அது பகலில் மட்டுமே செல்லும். டிசம்பர் பிற்பாதியில் மினியாபொலிசில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அந்தப் பகலிலும் சாலையில் பனி இருந்தால் நகரக்கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். நல்ல வாடகை தரும் லோடுதான், ஆனால் இரண்டு நாள் வேலை நான்கு நாள் ஆகிவிடும்.

சொந்த வண்டி என்றால்

வண்டித் தவணை, காப்பீடு, நிறுத்துமிடம்: இவை ஜனவரியை அறியாது. வண்டி ஓடாத வாரத்திலும் அதே தொகை. இரவில் உறைந்துபோகாமல் இருக்க எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்குச் சுமார் 0.8 காலன் டீசல் போகும். பத்து மணி நேரத்துக்கு எட்டு காலன். காலன் நான்கு டாலர் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 32 டாலர். புயலில் மூன்று நாள் மாட்டிக்கொண்டால் வரவு பூஜ்யம், இந்தச் செலவு மட்டும் நிற்காது. கேபினைச் சூடாக்கத் தனிச் சிறு எஞ்சினோ டீசல் ஹீட்டரோ வைத்திருப்பவர்கள் இதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துகிறார்கள். அனுபவசாலிகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்துவிடுவார்கள். வண்டி பழுது பார்ப்பது, விடுப்பு எடுப்பது எல்லாம் ஜனவரியில்தான்.

நிற்கும் உரிமை

மைல் கணக்குச் சம்பளம் ஓட்டு ஓட்டு என்று நெருக்கும். சட்டம் நில் என்கிறது. பனி, மழை, மூடுபனியில் சாலை ஆபத்தானால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. பாதுகாப்பில்லாத நிலையில் ஓட்ட மறுத்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1982-இல் வந்த சட்டமும் இருக்கிறது.

இது ஏட்டளவில் நிற்காத சட்டம். 2009 ஜனவரியில் இல்லினாயில் ஓர் ஓட்டுநரின் ட்ரெய்லர் பிரேக் உறைந்துபோனது. கேபின் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. உதவிக்காக மணிக்கணக்கில் காத்திருந்து உடம்பு மரத்துப்போன நிலையில், ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு உயிர் பிழைக்க ஓட்டிச் சென்றார். கம்பெனி அவரை நீக்கியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர் பக்கம் தீர்ப்பளித்தது. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி நீல் கோர்சச். மறு ஆண்டு அவர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டபோது செனட்டில் இந்த வழக்கைச் சொல்லியே அவரைக் குடைந்தார்கள். ஆனால் சட்டம் வேலையைத்தான் காக்கும். நின்ற நாளுக்குச் சம்பளம் தரச் சொல்லாது.

அதனால் ஒரு கம்பெனியில் சேரும்போது மைலுக்கு எத்தனை சென்ட் என்பதோடு பேச்சை முடித்துவிடக் கூடாது. புயலில் நின்றால் ஒரு நாளைக்கு என்ன தருவீர்கள், சங்கிலி மாட்டக் கூலி உண்டா, மலைக்குப் போக மறுக்கலாமா, தார்ப்பாய்க்கு எவ்வளவு, குறைந்தபட்ச வாரச் சம்பளம் ஏதாவது உத்தரவாதமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மைலுக்கு இரண்டு சென்ட் குறைவாகத் தந்து, நின்ற நாளுக்கும் கணிசமான தொகை தரும் கம்பெனி, வடக்கே ஓட்டுபவருக்கு லாபமாகவே முடியலாம்.

மார்ச்சில் லோடு திரும்பும். ஆனால் வடக்கே இன்னொரு தடை காத்திருக்கிறது. உறைந்த சாலை கெட்டியானது. மினசோட்டாவில் கடும்பனிக் காலத்தில் 10 சதவீதம் கூடுதல் எடைக்கே அனுமதி தருகிறார்கள். பனி உருகும்போது சாலைக்கு அடியில் இருக்கும் மண் சேறாகி வலுவிழக்கும். அப்போது மிச்சிகனில் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரும் சாலைகளில், தார்ச்சாலையில் 35 சதவீதமும் காங்கிரீட் சாலையில் 25 சதவீதமும் அச்சு எடையைக் குறைத்துவிடுவார்கள். பெரிய நெடுஞ்சாலையில் முழு எடையோடு வந்த பலகை லோடு, ஊருக்குள் போகும் கடைசிச் சில மைலுக்குத் தடைபடும். வடக்கே ஓட்டுபவர்கள் முழு லோடையும் நீண்ட பகலையும் ஒன்றாகப் பார்க்கப் பெரும்பாலும் மே ஆகிவிடும்.